பாதி வசனமும் ஒரு ஹாஸ்டல் கேள்வியும்

2025 ஏப்ரல் 23, ராத்திரி. நம்ம ஹாஸ்டல் டி.வி. ரூம்ல வழக்கமா அந்த நேரத்துக்கு ஐ.பி.எல். தான் ஓடும். அன்னைக்கு நியூஸ் ஓடிக்கிட்டு இருந்தது. முந்தின நாள் காஷ்மீரில் பஹல்காம் பக்கத்துல பைசரன் புல்வெளிக்குச் சுற்றுலா போனவர்களைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டதில் 26 பேர் இறந்திருந்தார்கள். மதம் என்ன என்று கேட்டுவிட்டுச் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். ரூம்ல யாரும் பேசல. அப்போ ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பனைப் பார்த்து, "உங்க குர்ஆன்ல அப்படி என்னதான்டா எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

கேட்டது நான்தான்.

நண்பன் பாலக்கோடுக்காரன். அவங்க அப்பா தக்காளி மண்டியில் வியாபாரம் பண்றவர். வீட்டில் உருது, வெளியே நம்மள மாதிரியே தருமபுரித் தமிழ். அவன் கோபப்படல. "எனக்கு அரபி ஓதத் தெரியும்டா, அர்த்தம் முழுசா தெரியாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவேன், நோன்பு வைப்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிட்டு எழுந்து போயிட்டான். நான் கேட்டதுக்கு அவனிடம் பதில் இல்லை. அவனிடம் பதில் இருக்க வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன் என்பது எனக்கு அப்போ தோணல. அந்த செமஸ்டர் லீவில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மார்க்க அறிஞன் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

இந்த விஷயத்தில் ரெண்டு ரெடிமேட் பதில்கள் நம்மகிட்ட இருக்கு. ஒன்று, "எல்லாம் அந்தப் புத்தகத்தாலதான்." இன்னொன்று, "இஸ்லாத்துக்கும் தீவிரவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை." ரெண்டாவதைச் சொல்றவர்களுக்கு நல்ல மனசு, ஒத்துக்கறேன். ஆனா குண்டு வைக்கிறவன் வசனம் சொல்லித்தான் வைக்கிறான், ஜிஹாத் என்கிறான், கிலாஃபத் என்கிறான். சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட்டா அவன் அந்த வார்த்தைகளை வைத்து என்ன வேலை செய்கிறான் என்பதைப் பார்க்காமலே போயிடுவோம். கேட்க வேண்டியது அந்த வேலையைப் பற்றித்தான்.

முதலில் வாட்ஸப்பில் அதிகம் சுற்றும் வசனத்தை எடுத்துக்கலாம். குர்ஆனில் 114 அத்தியாயங்கள், ஆறாயிரத்துக்கும் அதிகமான வசனங்கள். அதில் 9-வது அத்தியாயம், 5-வது வசனம். இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்வதாக ஃபார்வர்டு வருமே, அதுதான். வேடிக்கை என்னன்னா, இஸ்லாத்தை வெறுக்கிறவர்களும் இதையேதான் ஃபார்வர்டு பண்றாங்க, ஐ.எஸ். மாதிரி அமைப்புகளும் இதையேதான் பயன்படுத்துகின்றன. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் கத்தரி வைக்கிறார்கள்.

கத்தரிக்காமல் படித்தால் என்ன இருக்கு? கி.பி. 628-ல் ஹுதைபியா என்ற இடத்தில் முகமது நபிக்கும் மெக்காவின் குறைஷியருக்கும் பத்து வருஷப் போர் நிறுத்த ஒப்பந்தம் ஆகிறது. கொஞ்ச காலத்திலேயே குறைஷியரின் கூட்டாளிக் குலம் ஒன்று முஸ்லிம்களின் கூட்டாளிக் குலத்தைத் தாக்குகிறது. ஒப்பந்தம் உடைகிறது. 630-ல் மெக்கா நபியின் கைக்கு வருகிறது. அதற்கு அடுத்த வருஷம் வந்த வசனம் இது, ஒப்பந்தத்தை முறித்த குலங்களைப் பற்றியது. முந்தின வசனம், அதாவது 9:4, ஒப்பந்தத்தைக் காப்பாற்றியவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் கெடு முடியும் வரை நிறைவேற்றுங்கள் என்கிறது. அடுத்த வசனம் 9:6 தான் என்னைத் தூக்கிப் போட்டது. அதே எதிரிகளில் ஒருவர் வந்து அடைக்கலம் கேட்டால் கொடுக்க வேண்டுமாம். அதோடு விடவில்லை; அவர் பாதுகாப்பாக உணரும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டுமாம். பைசரன் புல்வெளியில் நின்றவர்கள் ஆயுதம் இல்லாத சுற்றுலாப் பயணிகள். எந்த ஒப்பந்தத்தை முறித்தார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். இந்த 9:5 வசனம் முந்தைய சமாதான வசனங்களை ரத்து செய்துவிட்டது என்று வாதிட்ட பழைய அறிஞர்களும் உண்டு. பேரரசுகள் எழும்பிய காலத்தில் உலகத்தையே இஸ்லாமிய நாடு, போர் நாடு என்று ரெண்டாகப் பிரித்துச் சட்டம் எழுதியவர்களும் உண்டு. தீவிரவாதி இதையெல்லாம் வானத்திலிருந்து உருவாக்கவில்லை, பழைய அலமாரியிலிருந்துதான் எடுக்கிறான். ஆனால் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருப்பதைத் தொடமாட்டான். போரை அறிவிக்க ஆட்சியாளருக்குத்தான் அதிகாரம், ரூம்ல உட்கார்ந்திருக்கிற தனி ஆளுக்கு இல்லை என்ற விதி அங்கே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், முதியவர்களைத் தொடக்கூடாது, மடங்களில் இருக்கும் துறவிகளை விட்டுவிட வேண்டும், காய்க்கிற மரத்தை வெட்டக்கூடாது என்று முதல் கலீஃபா அபூபக்கர் தன் படைக்குச் சொல்லி அனுப்பியதும் அங்கேதான் இருக்கிறது. ஓர் அப்பாவி உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்ற கருத்து 5:32-ல் இருக்கிறது. முஸ்லிம்களுக்குப் போரிட முதன்முதலில் அனுமதி கொடுத்ததாகச் சொல்லப்படும் 22:39, 40 வசனங்கள், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த அனுமதி ஏன் என்று காரணம் சொல்கின்றன: அநியாயக்காரர்களைத் தடுக்காவிட்டால் மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டுவிடும். அந்தப் பட்டியலில் தேவாலயம் இருப்பதைக் கவனிச்சீங்களா? கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

தீவிரம் என்பதற்கு அரபியில் 'குலூ' என்று ஒரு சொல் இருக்கிறது. அளவு மீறுவது. நபி இதை எச்சரித்த சந்தர்ப்பம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹஜ்ஜில் சைத்தானைக் குறிக்கும் தூண்கள் மேல் கல் எறிவார்கள் இல்லையா, அதற்குக் கல் பொறுக்கச் சொல்கிறார். ஓர் உறவுக்காரப் பையன் சின்னச் சின்னக் கற்களாகப் பொறுக்கி வருகிறான். ஆமாம், இந்த மாதிரிதான் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு, மதத்தில் அளவு மீறாதீர்கள், உங்களுக்கு முன்னால் இருந்தவர்களை அழித்ததே அதுதான் என்ற பொருளில் பேசுகிறார். எங்கே ஆரம்பிக்குது பாருங்க, கல்லோட சைஸில்!

அவர் இறந்து ஒரு தலைமுறைக்குள் அது நடந்தே விட்டது. 657-ல் நான்காவது கலீஃபா அலிக்கும் சிரியாவின் ஆளுநர் முஆவியாவுக்கும் ஸிஃப்பீன் என்ற இடத்தில் போர். நடுவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று அலி ஒத்துக்கொண்டதும் அவருடைய படையிலேயே ஒரு கூட்டம் வெளியேறியது. தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே உரியது, மனிதனை நடுவராக வைத்த நீ காஃபிர் என்றார்கள். இவர்களைத்தான் கவாரிஜ், அதாவது வெளியேறியவர்கள் என்கிறது வரலாறு. அலி சொன்ன பதிலின் சாரம்: வார்த்தை சரிதான், அதை வைத்து நீங்கள் செய்ய நினைப்பதுதான் தப்பு. இவர்களைப் பற்றிப் பழைய வரலாற்று நூல்கள் ஒரு சம்பவம் சொல்கின்றன. ஒரு நபித்தோழரின் மகனையும் கர்ப்பமாக இருந்த அவர் மனைவியையும் பிடித்துப் போகிறார்கள். வழியில் மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழத்தை ஒருவன் வாயில் போட, காசு கொடுக்காமல் தின்னலாமா என்று கூட இருப்பவன் கண்டிக்க, துப்பிவிடுகிறான். அதன் பிறகு அந்தக் கணவனையும் மனைவியையும் கொன்றுவிடுகிறார்கள். 661-ல் கூஃபா பள்ளிவாசலில் அலியையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் வெட்டினான். அலி யார்? நபியின் மருமகன்.

ஆக, இந்த வகைத் தீவிரவாதம் முதலில் கொல்வது முஸ்லிமை. என்னைப் போல் கும்பிடாத முஸ்லிம் முஸ்லிமே இல்லை என்று முத்திரை குத்துவதற்குத் 'தக்ஃபீர்' என்று பெயர். 2014 டிசம்பர் 16-ல் பெஷாவர் ராணுவப் பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 2017 பிப்ரவரியில் சிந்து மாகாணத்தின் ஸேவன் தர்கா, அதே வருஷம் நவம்பரில் எகிப்தின் சினாயில் வெள்ளிக்கிழமை தொழுகையில் இருந்த 300-க்கும் மேற்பட்டவர்கள். எல்லா இடத்திலும் செத்தவர்கள் முஸ்லிம்கள், கொன்றவர்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொன்னவர்கள்.

தமிழிலேயே நடந்த கதைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம், கிழக்கு இலங்கையின் காத்தான்குடிக்காரன். அவனுடைய பிரசங்கங்கள் தமிழில்தான். யூடியூப், ஃபேஸ்புக் வழியாக நம்ம மொழியிலேயே அந்த வெறுப்பு பரவியது என்பதுதான் எனக்கு உறைத்தது. (அவனுடைய அமைப்பின் பெயரில் 'தவ்ஹீத் ஜமாஅத்' இருந்ததால் தமிழ்நாட்டிலும் பெயர் ஒற்றுமையை வைத்துச் சிலர் குழம்பினார்கள். அந்த வார்த்தைக்கு ஓரிறைக் கொள்கைச் சபை என்றுதான் அர்த்தம். பல அமைப்புகள் வைத்திருக்கும் பெயர்.)

இவன் முதலில் மோதியது தேவாலயத்தோடு இல்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடியிலேயே சூஃபி வழி முஸ்லிம்களோடு அவன் ஆட்கள் மோதினார்கள். அதன் பிறகுதான் தலைமறைவானான். அதற்கும் முன்னால் அவன் படித்த அரபிக் கல்லூரியே அவனை வெளியேற்றியிருந்தது. மூன்று வருஷம் முன்பே இவனைப் பற்றி உளவுத்துறையிடம் எச்சரித்தோம் என்று இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அகமது குண்டுவெடிப்புக்குப் பிறகு சொன்னார். இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் ஏப்ரல் தொடக்கத்திலேயே போயிருந்தது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலும் நாம கேட்கிற கேள்வி, "முஸ்லிம்கள் ஏன் இவர்களைக் கண்டிப்பதில்லை?" காத்தான்குடி விஷயத்தில் கண்டித்தார்கள், காட்டிக் கொடுத்தார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. குண்டு வெடித்தவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அங்குள்ள உலமா சபை அறிவித்தது. 2008 மும்பைத் தாக்குதலில் செத்த ஒன்பது பயங்கரவாதிகளுக்கு எங்கள் கபர்ஸ்தானில் இடமில்லை என்று மும்பையின் ஜாமா மஸ்ஜித் டிரஸ்ட் மறுத்ததும் இதே மாதிரிதான். ஒரு ஜனாஸாவை அடக்க மறுப்பது அந்தச் சமூகத்தில் சாதாரண விஷயம் இல்லை என்று நண்பன் பிறகு சொன்னான். 2014-ல் ஐ.எஸ். தலைவன் பக்தாதிக்கு உலகம் முழுக்க 120-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதிய பகிரங்கக் கடிதம் 24 இடங்களில் அவன் இஸ்லாத்தை எங்கே முறிக்கிறான் என்று சொல்கிறது. மற்றதைப் பார்க்காமல் ஒரு துண்டு வசனத்தை மட்டும் எடுத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அதில் ஆரம்பத்திலேயே வருகிறது.

இப்போ நம்ம டிபார்ட்மெண்ட் பக்கம் வரலாம், தப்பா நினைக்காதீங்க. ஈஸ்டர் தாக்குதலில் ஈடுபட்ட அப்துல் லத்தீஃப் ஜமீல் முகமது இங்கிலாந்தில் விமானப் பொறியியல் படித்தவன். 9/11-ன் முகமது அத்தா கெய்ரோவில் கட்டடக்கலையும் ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நகர்த் திட்டமிடலும் படித்தவன். அந்தத் திட்டத்தின் மூளையான காலித் ஷேக் முகமது அமெரிக்காவில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங். டியேகோ கம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டோக் என்ற ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் 2016-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்கள். உயர்கல்வி படித்து, என்ன படித்தார்கள் என்பதும் தெரிந்த இஸ்லாமியத் தீவிரவாதிகளில் 100-க்கு சுமார் 45 பேர் என்ஜினீயர்கள்! குண்டு செய்யத் தெரியும் என்பதற்காகச் சேர்க்கிறார்களா? இல்லையாம், அமைப்புகளில் அவர்கள் எல்லா வேலைகளிலும்தான் இருந்தார்கள். ரெண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, கஷ்டப்பட்டுப் படித்துவிட்டு வேலை கிடைக்காத ஏமாற்றம். என்ஜினீயர்களுக்கு வேலை இருந்த சவூதியில் இந்த விகிதம் அவ்வளவு கூடவில்லை. இன்னொன்று மனப்பாங்கு. ஒரு கேள்விக்கு ஒரே சரியான விடைதான் இருக்கணும், குழப்பம் இருக்கக்கூடாது, எல்லாம் ஃபார்முலாவில் அடங்கணும். தீவிர வலதுசாரிக் கூட்டங்களிலும் என்ஜினீயர்கள் அதிகமாம். இடதுசாரிக் கூட்டங்களில்தான் குறைவாம்.

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரல. முன்பின் வசனம், காலம், யாருக்குச் சொன்னது, எந்த அறிஞர் எப்படி விளக்கினார் என்பதெல்லாம் நமக்கு போர். டூ மார்க் கொஸ்டீனுக்கு கீ மாதிரி ஒரே வரி போதும். அந்த ஒரு வரியை நீட்டுபவனிடம் மாட்டுவதற்கு நாம ரெடியாத்தான் இருக்கோம். முஸ்லிமாக இருந்தால் ஒரு வரி, இந்துவாக இருந்தால் வேறு வரி.

கோவையை எடுத்துக்கோங்க. 1997 நவம்பர் கடைசியில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் உக்கடத்தில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14-ல் அல் உம்மா வைத்த தொடர் குண்டுகளில் 58 பேர். செத்த 58 பேருக்கும் அந்தக் கலவரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. நியாயமான கோபத்தை எடுத்து, அதில் ஒரு வசனத்தை ஒட்டி, யாரோ ஒருவர் மேல் வெடிக்க வைப்பதுதான் அந்த வேலை. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், உக்கடம் கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் வாசலில் கார் வெடித்துச் செத்த ஜமேஷா முபினும் என்ஜினீயரிங் பட்டதாரி என்றுதான் செய்தி வந்தது. இலங்கைத் தாக்குதலுக்குப் பிறகு, 2019-லேயே என்.ஐ.ஏ. அவனை விசாரித்திருந்தது. கொஞ்ச நாளில் கோவை ஜமாஅத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். கார் வெடித்ததைப் பார்த்த அளவுக்கு அந்தச் செய்தியை நாம பார்த்தோமா?

ஐ.எஸ். தன் பத்திரிகையில் 2015-ல் வெளிப்படையாகவே ஒரு திட்டம் எழுதியது. முஸ்லிம்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் இடத்தைச் 'சாம்பல் பகுதி' என்று சொல்லி, அதை ஒழிக்க வேண்டும் என்றது. தாக்குதல் நடந்தால் மற்றவர்கள் முஸ்லிம்களைச் சந்தேகிப்பார்கள், ஒதுக்குவார்கள். ஒதுக்கப்பட்டவன் வேறு வழி இல்லாமல் எங்களிடம் வருவான் என்பதுதான் கணக்கு. ஈஸ்டர் முடிந்து மூன்று வாரத்தில், 2019 மே 13-ல், குருநாகல், மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஸஹ்ரான் செத்த பிறகும் கணக்கு சரியாகத்தான் நடந்தது.

நம்ம ஹாஸ்டல் டி.வி. ரூமும் ஒரு சாம்பல் பகுதிதான். நான் கேட்ட கேள்வி யாருக்கு வேலை செய்தது?

தருமபுரியிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் இலக்கியம்பட்டியைத் தாண்டும்போது இதை நினைப்பேன். 2000 பிப்ரவரி 2-ல் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸை அங்கேதான் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள், நம்ம வயசுதான், கருகிப் போனார்கள். கொளுத்தியவர்களுக்கு எந்த வசனமும் தேவைப்படல, தலைவிக்கு எதிராக ஒரு கோர்ட் தீர்ப்பு வந்ததே போதுமானதாக இருந்தது. 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250-க்கும் அதிகமான வீடுகளை எரித்தவர்களுக்குச் சாதி போதுமானதாக இருந்தது. அதற்கெல்லாம் நம்ம மாவட்டத்துப் பையன் ஒருவனை வெளியூர் ஹாஸ்டலில் உட்கார வைத்து, "உங்க ஊர்ல என்னதான்டா சொல்லித் தர்றாங்க?" என்று யாராவது கேட்டிருந்தால் அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

பஹல்காமில் செத்த 26 பேரில் ஒருவர் சையது ஆதில் ஹுசைன் ஷா. அந்த ஊரில் மட்டக்குதிரை ஓட்டிப் பிழைத்தவர், முஸ்லிம். சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றத் துப்பாக்கிக்காரர்களோடு போராடியதில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றார்கள். அன்னைக்கு அந்த நியூஸும் ஓடியிருக்கும். நான் கவனிக்கல.

லீவு முடிந்து வந்ததும் நண்பனிடம் 9:6-ஐக் காட்டினேன். நான் படித்தது ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கம். அவன் ரெண்டு தடவை படித்தான். "இதை அரபியில் நூறு தடவை ஓதியிருப்பேன்டா, இதுதான் அர்த்தம்னு தெரியாது. எங்க ஹஜ்ரத்கிட்ட இன்னும் கேக்கணும்" என்றான். புத்தகத்தை வாங்கிக்கொண்டான், இன்னும் திருப்பித் தரல. அன்னைக்குக் கேட்டதுக்கு ஸாரி சொன்னேன். "விடுடா, ரெக்கார்டு முடிச்சியா?" என்று பேச்சை மாற்றினான்.

நாங்க இப்பவும் ஒன்னாத்தான் மெஸ்ஸுக்குப் போறோம். ஆனா எங்கேயாவது குண்டு வெடித்தது, துப்பாக்கிச் சூடு என்று நியூஸ் ஓடுகிற அன்னைக்கு அவன் டி.வி. ரூம் பக்கம் வர்றதில்லை.